கண்டெய்னரின் முகவரி யாருக்குத் தெரிய வேண்டும்?

ஒரு கணினிக்குள் தனித்தனிக் குட்டிக் கணினிகள் போல இயங்கும் கண்டெய்னர்களை உருவாக்கி நடத்தும் மென்பொருள் இன்கஸ். லினக்ஸ் முனையத்தில் அதற்கு ஒரே ஒரு வரி: 'இன்கஸ் லான்ச் இமேஜஸ்:டெபியன்/12 வெப்'. (கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) இமேஜ் (தயார்நிலையில் உள்ள இயங்குதளத் தொகுப்பு) இறங்கி முடிந்த சில நொடிகளில் 'வெப்' என்ற பெயரில் ஒரு முழு டெபியன் லினக்ஸ் கண்டெய்னராக எழுந்து நிற்கிறது. 'இன்கஸ் லிஸ்ட்' என்று கேட்டால் அதன் பெயரும் நிலையும், 10.117.42.86 போல 10-இல் தொடங்கும் ஓர் ஐபி முகவரியும் வரிசையாக வருகின்றன. உள்ளே போய் மென்பொருள் பட்டியலைப் புதுப்பித்தால் இணையத்திலிருந்து எல்லாம் இறங்குகிறது. நெட்வொர்க் பற்றி நாம் வாயே திறக்கவில்லை.

அதே வரியை வேறொரு கணினியில் அடித்தால் முகவரிக்கான கட்டம் காலியாகக் கிடக்கிறது. இன்னொன்றில் முகவரி வருகிறது, ஆனால் வெளியே ஒரு பாக்கெட்கூட (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) போகவில்லை. பெரும்பாலோர் இந்த இடத்தில் கண்டெய்னரை அழித்துவிட்டு மறுபடி உருவாக்குகிறார்கள், பிறகு இன்கஸையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். குற்றம் கண்டெய்னருக்குள் இருப்பது அரிது. அதைச் சுமந்து நிற்கும் ஹோஸ்ட் கணினியில், பாக்கெட் வாசல் தாண்டும் இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அந்த வாசலின் அமைப்பு தெரிந்தால் மறுநிறுவல் தேவைப்படாது.

முதலில் இது எந்த வகைக் கண்டெய்னர் என்று பிரித்துக்கொள்வது நல்லது. டாக்கர் வழக்கப்படுத்திய கண்டெய்னர் ஒரு செயலியைச் சுமப்பது. அந்தச் செயலி நின்றால் கண்டெய்னரும் நின்றுவிடும். இன்கஸ் உருவாக்கும் சிஸ்டம் கண்டெய்னர் ஒரு இயங்குதளத்தையே சுமக்கிறது. உள்ளே முதல் புராசஸாக (ஓடும் நிரலாக), மற்ற சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி போன்ற ஒன்று ஓடும். தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்எச் சேவை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், பதிவேடுகள் எல்லாம் தனிக் கணினியில் இருப்பதுபோலவே இருக்கும். மெய்நிகர் கணினியோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு பெரிய வேறுபாடு: இதற்குச் சொந்தமாகக் கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) கிடையாது, ஹோஸ்டின் கர்னலையே பகிர்ந்துகொள்கிறது. பழைய இயங்குதளங்களைப் பிரித்து வைக்கவும், ஒரே சேவையகத்தில் பலருக்குத் தனித்தனி 'கணினி' தரவும் இது ஏற்றது. சேவையகங்களில் மெய்நிகர் கணினிகளை நடத்தும் புராக்ஸ்மாக்ஸ் 2015-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இந்த வேலைக்கு எல்எக்ஸ்சி என்ற கண்டெய்னர் கருவியைத்தான் நம்பியிருக்கிறது. குரோம்புக்கில் லினக்ஸ் வசதியை இயக்கினால் திறக்கும் டெபியனும் இன்கஸின் முன்னோடியான எல்எக்ஸ்டி நடத்தும் கண்டெய்னராகவே வந்தது.

இவை சாத்தியமானதற்குக் காரணம் கர்னலில் பல ஆண்டுகள் துண்டு துண்டாகச் சேர்ந்த வசதிகள். 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24 அதில் ஒரு திருப்பம். புராசஸ்களின் வள நுகர்வுக்கு வரம்பு கட்டும் சிகுரூப், புராசஸ் எண்களைப் பிரிக்கும் நேம்ஸ்பேஸ் (கர்னல் தரும் தனித் தடுப்பறை), நெட்வொர்க்கைப் பிரிக்கும் நேம்ஸ்பேஸின் தொடக்க வடிவம் மூன்றும் அந்தப் பதிப்பில் வந்தன. அதே ஆண்டு எல்எக்ஸ்சி தொடங்கியது. பயனர் எண்களைப் பிரிக்கும் நேம்ஸ்பேஸ் முழுமையடைய 2013-இல் வந்த 3.8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது வந்த பிறகுதான் உள்ளே ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருப்பவர் ஹோஸ்டில் அதிகாரம் ஏதுமற்ற ஒரு பெரிய எண்ணாக மட்டும் தெரியும் கண்டெய்னர்கள் கைக்கு வந்தன. 2014 பிப்ரவரியில் வெளியான எல்எக்ஸ்சி 1.0 அதைப் பயன்படுத்தியது. அந்த ஆண்டின் இறுதியில், உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் எல்எக்ஸ்சியின் மேல் ஒரு மேலாண்மை அடுக்காக எல்எக்ஸ்டியை அறிவித்தது.

2023 ஜூலையில் கனோனிக்கல் எல்எக்ஸ்டியை லினக்ஸ் கண்டெய்னர்ஸ் திட்டத்திலிருந்து பிரித்துத் தன் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுபோனது. அதை நெடுங்காலம் வழிநடத்திய ஸ்டெஃபான் கிராபர் அந்நிறுவனத்திலிருந்து விலகினார். அடுத்த மாதமே அலெக்ஸா சராய் எல்எக்ஸ்டியின் மூலநிரலிலிருந்து இன்கஸைக் கிளைபிரித்தார். கிராபர் உள்ளிட்ட பழைய பங்களிப்பாளர்கள் அதில் சேர்ந்தார்கள். 2024 ஏப்ரலில் நீண்டகால ஆதரவுப் பதிப்பாக இன்கஸ் 6.0 வந்தது. இந்தப் பிரிவினை வாசகரைத் தொடும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் 'எல்எக்ஸ்சி' என்று தொடங்கும் கட்டளைகள் இரண்டு வகை. நடுவில் இணைப்புக்கோடு இருந்தால் ('எல்எக்ஸ்சி-ஸ்டார்ட்' போல) அது பழைய எல்எக்ஸ்சியின் கருவி. இடைவெளி விட்டு 'எல்எக்ஸ்சி லான்ச்' என்று இருந்தால் அது எல்எக்ஸ்டியின் கட்டளை. இன்கஸில் முதற்சொல்லை 'இன்கஸ்' என்று மாற்றினால் பெரும்பாலும் வேலை செய்யும். இரண்டையும் கலந்து அடித்துவிட்டுக் கண்டெய்னரைக் காணவில்லை என்று தேடுவது புதியவர்களின் வழக்கமான தலைவலி.

இனி அந்த 10-இல் தொடங்கும் முகவரி. அது வந்து சேர நான்கு பொருள்கள் ஒத்துழைக்கின்றன. நான்கும் லினக்ஸில் எல்லோருக்கும் கிடைப்பவையே, கண்டெய்னருக்கென்று தனியாகச் செய்தவை அல்ல.

முதலாவது நெட்வொர்க் நேம்ஸ்பேஸ். கண்டெய்னர் பிறக்கும்போது கர்னல் அதற்கு ஒரு புதிய, வெறுமையான நெட்வொர்க் உலகத்தைத் தருகிறது. தனி லூப்பேக் (தன்னோடு தானே பேசும் இணைப்பு), தனி வழித்தடப் பட்டியல், தனி ஃபயர்வால் விதிகள், தனி போர்ட்கள். பத்துக் கண்டெய்னர்கள் ஒரே நேரத்தில் 80-ஆம் போர்ட்டில் காத்திருந்தாலும் மோதாததற்கு இதுவே காரணம். ஆனால் வெறுமையான உலகத்திலிருந்து யாரோடும் பேச முடியாது.

அங்கே வருவது இரண்டாவது பொருள், வீத் இணை. இரு முனைகள் கொண்ட ஒரு மெய்நிகர் கேபிள் அது. ஒரு முனையில் போட்டது மறுமுனையில் விழும். இன்கஸ் ஒரு முனையைக் கண்டெய்னருக்குள் தள்ளி அதற்கு 'ஈத்0' என்று பெயரிடுகிறது. மறுமுனை ஹோஸ்டிலேயே 'வீத்' என்று தொடங்கும் குழப்பமான பெயரோடு நிற்கிறது. எது எதனுடையது என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: கண்டெய்னருக்குள் 'ஐபி லிங்க்' அடித்தால் ஈத்0-க்குப் பக்கத்தில் @ குறியும் ஓர் எண்ணும் தெரியும். ஹோஸ்டில் அதே கட்டளையை அடித்து அந்த எண்ணுள்ள வரியைப் பார்த்தால் அதுதான் மறுமுனை. பழுது தேடும் நேரத்தில் அந்த முனையில், கடக்கும் பாக்கெட்களைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்துக் கேட்டால் கண்டெய்னர் உண்மையில் என்ன அனுப்புகிறது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது பிரிட்ஜ். ஹோஸ்டுக்குள் இருக்கும் மென்பொருள் சுவிட்ச் இது. எல்லா வீத் முனைகளும் இதில்தான் செருகப்படுகின்றன. இன்கஸில் இதன் பெயர் 'இன்கஸ்பிஆர்0', எல்எக்ஸ்டியில் 'எல்எக்ஸ்டிபிஆர்0', வெறும் எல்எக்ஸ்சியில் 'எல்எக்ஸ்சிபிஆர்0'. எல்எக்ஸ்சி இயல்பாக 10.0.3.0/24 என்ற நிலையான வரம்பை எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் 10-இல் தொடங்கும் ஏதோ ஒரு /24 (256 முகவரிகள் கொண்ட) வரம்பை எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கும். அந்த நேரத்தில் ஹோஸ்டில் பயன்பாட்டில் இல்லாததாகப் பார்த்தே எடுக்கும் என்றாலும், நாளை அலுவலக விபிஎன் இணைக்கும்போது அதுவும் 10-இல் தொடங்கும் முகவரிகளைக் கொண்டுவந்தால் மோதல் வரலாம். ஆகவே முதல் நாளே 'இன்கஸ் நெட்வொர்க் செட்' கட்டளையால் நமக்குத் தெரிந்த, எவரும் தொடாத ஒரு வரம்பை நாமே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பத்துக் கண்டெய்னர் ஓடத் தொடங்கிய பிறகு மாற்றுவது பெரிய வேலை.

நான்காவது இரண்டு சிறு சேவைகளின் கூட்டு. பிரிட்ஜின் மேல் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் உட்கார்ந்து முகவரி வழங்குகிறது, பெயர்களுக்கும் விடை சொல்கிறது. 'வெப்' என்ற கண்டெய்னரைப் பக்கத்துக் கண்டெய்னர்கள் பெயர் சொல்லியே கூப்பிட முடிவது இதனால்தான். வெளியே போகும் பாக்கெட்களின் அனுப்புநர் முகவரியை ஹோஸ்டின் முகவரியாக மாற்றி எழுதும் வேலை ஃபயர்வாலில் உள்ள நேட் விதியுடையது. ஒரே கதவெண்ணில் பல குடித்தனங்கள் இருக்கும் வீடு போல, வெளியுலகுக்கு ஹோஸ்டின் முகவரி மட்டுமே தெரியும். பதில் கடிதம் எந்தக் குடித்தனத்துக்கு என்பதை வாசலில் கர்னல் நினைவு வைத்துக்கொள்கிறது.

இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது? நான் பார்த்தவரை பெரும்பாலும் நான்காவது கண்ணியில்தான், அதுவும் வேறொரு மென்பொருளின் கையால். இதைப் புரிந்துகொள்ள லினக்ஸ் ஃபயர்வாலின் ஒரு குணத்தை அறிய வேண்டும். பாக்கெட் கடந்துபோகும் ஒவ்வொரு கட்டத்திலும் பல மென்பொருள்கள் தத்தம் விதித்தொகுப்புகளை வைக்கலாம். ஒரு தொகுப்பு 'போகலாம்' என்று சொன்னால் அது அந்தத் தொகுப்போடு முடிந்தது. பாக்கெட் அடுத்த தொகுப்பின் முன் மறுபடி நிற்க வேண்டும். ஆனால் எந்தத் தொகுப்பு 'போகாதே' என்று சொன்னாலும் அதுவே இறுதித் தீர்ப்பு. எனவே இன்கஸ் தன் பிரிட்ஜுக்கு எவ்வளவு தாராளமாக அனுமதி எழுதியிருந்தாலும், பக்கத்தில் இருக்கும் ஒருவர் மறுத்தால் கதை முடிந்தது.

அப்படி மறுப்பவர்களில் முதல்வர் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி. ஹோஸ்டுக்குள் வரும் எதையும் அது இயல்பாக நிறுத்திவிடும். கண்டெய்னர் முகவரி கேட்டு அனுப்பும் டிஎச்சிபி கோரிக்கையும் ஹோஸ்டுக்குள் வருவதுதானே? டிஎன்எஸ்மாஸ்க்கின் காதுக்கு அது எட்டுவதே இல்லை. 'இன்கஸ் லிஸ்ட்' அட்டவணையில் முகவரிக்கான ஐபிவி4 கட்டம் காலியாக இருப்பதன் முதல் சந்தேக நபர் இதுதான். பிரிட்ஜ் வழியாக உள்ளே வருவதற்கு ஒன்று, அதன் ஊடாகக் கடந்துபோவதற்கு இன்னொன்று என இரண்டு தனி அனுமதிகள் அதில் தர வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும்: முகவரி வரும், இணையம் வராது. ஃபயர்வால்டி என்ற இன்னொரு ஃபயர்வால் கருவி ஓடும் கணினிகளில் பிரிட்ஜை நம்பகமான மண்டலத்தில் சேர்ப்பது வழக்கம்.

இரண்டாமவர் டாக்கர். 2017 ஜனவரியில் வந்த 1.13 பதிப்பிலிருந்து அது ஹோஸ்டின் ஊடாகக் கடந்துபோகும் போக்குவரத்துக்கு 'இயல்பாக மறு' என்ற கொள்கையை வைக்கத் தொடங்கியது. தன் கண்டெய்னர்களுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதிக்கொள்ளும். இன்கஸின் பிரிட்ஜ் அதற்கு அந்நியம். ஆகவே ஒரே கணினியில் இரண்டையும் வைத்தவர்களுக்குக் கண்டெய்னர் முகவரி பெறுகிறது, பிரிட்ஜோடு பேசுகிறது, வெளியே மட்டும் ஊமையாகிறது. இதில் இன்னொரு விசித்திரம். டாக்கர் இந்த மறுப்பை வைப்பது, பாக்கெட்டைக் கடத்திவிடும் கர்னல் வசதியைத் தானே இயக்க நேர்ந்தால்தான். ஏற்கெனவே அது இயங்கிக்கொண்டிருந்தால் கொள்கையைத் தொடாது. விளைவு, கணினி எழும்போது இன்கஸ் முந்தினால் எல்லாம் சரி, டாக்கர் முந்தினால் எல்லாம் கெடும். நேற்று ஓடியது இன்று மறுதொடக்கத்துக்குப் பின் ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. கடத்தும் வசதியைச் சிஸ்கண்ட்ரோல் என்ற கர்னல் அமைப்பில் நிரந்தரமாக இயக்கி வைப்பது ஒரு தீர்வு. பயனர் விதிகளுக்கென்று டாக்கர் ஒதுக்கியிருக்கும் தொகுப்பில் இன்கஸ் பிரிட்ஜுக்கு அனுமதி எழுதுவது இன்னொன்று. என்னைக் கேட்டால் டாக்கரையே ஒரு இன்கஸ் கண்டெய்னருக்குள் வைத்துவிடுவது மூன்றாவதும் நிம்மதியானதும். உள்ளே அது தன் நேம்ஸ்பேஸில் என்ன விதி எழுதினாலும் ஹோஸ்டைத் தொடாது. நெஸ்டிங் என்ற அமைப்பை மட்டும் அந்தக் கண்டெய்னருக்கு இயக்க வேண்டும்.

எந்தக் கண்ணி அறுந்தது என்று அறிய மூன்று பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போதும். கண்டெய்னருக்குள்ளிருந்து முதலில் பிரிட்ஜின் முகவரிக்கு, பிறகு 1.1.1.1 போன்ற வெளி எண் முகவரிக்கு; கடைசியாக ஒரு பெயருக்கு. முதலாவதே விழுந்தால் வீத், பிரிட்ஜ் அல்லது ஹோஸ்டுக்குள் வருவதற்கான விதி. முதலாவது நின்று இரண்டாவது விழுந்தால் கடத்தல் அல்லது நேட். மூன்றாவது மட்டும் விழுந்தால் டிஎன்எஸ், அதாவது பெயரை முகவரியாக்கும் சேவை. வரிசை மாற்றி நேரடியாகப் பெயருக்குப் பிங் அடித்து, வரவில்லை என்று முடிவு கட்டுவதால் எதுவும் தெரியாது.

இதுவரை சொன்னது உள்ளிருந்து வெளியே போகும் வழி. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டுமென்றால் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்தக் கண்டெய்னரின் முகவரி யாருக்குத் தெரிய வேண்டும்? இதற்கு விடை சொல்லாமல் பிரிட்ஜா மேக்விலானா (கீழே வரும் இன்னோர் இணைப்பு முறை) என்று வாதிடுவது வீண்.

ஹோஸ்டுக்கும் சக கண்டெய்னர்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும், ஒரு சேவையை மட்டும் வெளியே காட்ட வேண்டும் என்றால் இருக்கும் பிரிட்ஜே போதும். 'இன்கஸ் கான்ஃபிக் டிவைஸ் ஆட்' வழியாக ஒரு பிராக்ஸி சாதனத்தைச் சேர்த்து, ஹோஸ்டின் 80-ஆம் போர்ட்டுக்கு வருவதைக் கண்டெய்னரின் 80-க்குத் திருப்பலாம். வசதியானது, ஆனால் இதன் இயல்பான வடிவத்தில், உள்ளே ஓடும் வலைச் சேவையகத்தின் பதிவேட்டில் எல்லா வாசகரும் 127.0.0.1-இலிருந்து வந்ததாகவே எழுதப்படும். யார் வந்தார்கள் என்று தெரிய வேண்டியவர்கள் சாதனத்தை நேட் முறைக்கு மாற்ற வேண்டும். அதற்குக் கண்டெய்னருக்கு நிலையான முகவரி வேண்டும். அதைக் கொடுக்கப் போனால் ஈத்0 என்ற சாதனம் கண்டெய்னரில் இல்லை என்று இன்கஸ் மறுக்கும். அது கண்டெய்னருடையது அல்ல, 'டிஃபால்ட்' என்ற புரொஃபைலிலிருந்து (கண்டெய்னர்களுக்குப் பொதுவான அமைப்புத் தொகுப்பு) வருவது. 'செட்' என்பதற்குப் பதில் 'ஓவர்ரைடு' என்று சொன்னால் அதன் நகலைக் கண்டெய்னருக்கே உரியதாக்கி, கேட்ட முகவரியைப் பதிந்துவிடும். கண்டெய்னரை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் போதும்.

வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள எல்லாக் கணினிகளுக்கும் கண்டெய்னர் ஒரு தனிக் கணினியாகவே தெரிய வேண்டும் என்றால் வழி இரண்டு. ஹோஸ்டின் நெட்வொர்க் அட்டையையே ஒரு பிரிட்ஜில் செருகி, கண்டெய்னரையும் அதில் செருகுவது முதல் வழி. முகவரியை ரூட்டரே தரும். உறுதியான அமைப்பு இது. ஆனால் மாற்றும் நொடியில் ஹோஸ்டின் சொந்த முகவரி அட்டையிலிருந்து பிரிட்ஜுக்கு இடம் மாறுகிறது. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செய்பவர், தான் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிறார்; நேரடித் திரையோ கன்சோலோ கையில் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. இரண்டாவது வழி மேக்விலான்: ஹோஸ்டின் அட்டையின் மேலேயே கண்டெய்னருக்கு ஒரு தனி மெய்நிகர் அட்டை. ஒரே வரியில் முடியும், ஹோஸ்டின் அமைப்பைத் தொடாது. அதன் குறை பலரைத் திகைக்கவைக்கும்: ஊரே அந்தக் கண்டெய்னரோடு பேசும், ஹோஸ்ட் மட்டும் பேச முடியாது. இது பிழை அல்ல, மேக்விலானின் வடிவமைப்பே அப்படி.

இந்த இரண்டு வழிகளும் வைஃபையில் வேலை செய்யா. வைஃபை அணுகுமுனை தன்னோடு முறைப்படி இணைந்த மேக் முகவரியை (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) மட்டுமே ஏற்கும். மடிக்கணினியின் பின்னால் ஒளிந்து வரும் கண்டெய்னரின் புது மேக் முகவரியை நிராகரித்துவிடும். மேகச் சேவை வழங்குநர்கள் பலரும் தாங்கள் ஒதுக்கிய மேக் முகவரியைத் தவிர வேறெதையும் விடுவதில்லை, ஆகவே வாடகைச் சேவையகத்திலும் இதே கதைதான். அங்கே உதவுவது 'ரூட்டட்' என்ற வகை. கண்டெய்னருக்கு வெளி முகவரி ஒன்று கிடைக்கும். அதற்கான அழைப்புகளுக்கு ஹோஸ்ட் தன் மேக் முகவரியைக் காட்டிப் பதில் சொல்லி, வரும் பாக்கெட்டை உள்ளே அனுப்பும். கண்டெய்னருக்குள் பார்த்தால் வாசல் முகவரி 169.254.0.1 என்று இருக்கும். அதைப் பார்த்து அமைப்பு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் இயங்குதளம் வழக்கம்போல டிஎச்சிபி கேட்டுக் காத்திருக்காதபடி மட்டும் அதன் அமைப்பை மாற்ற வேண்டும்.

பழைய எல்எக்ஸ்சியை நேரடியாகப் பயன்படுத்துபவர்களுக்கும் மேலே சொன்ன நான்கு பொருள்களே. கட்டளைக்குப் பதில் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும், அவ்வளவுதான். 2017-இல் வந்த 2.1 பதிப்பு அந்தக் கோப்பின் சாவிச்சொற்களை மாற்றியது: 'நெட்வொர்க்' என்று இருந்தது 'நெட்' ஆகி, பக்கத்தில் ஓர் எண்ணும் சேர்ந்தது. அதற்கு முந்தைய வழிகாட்டியிலிருந்து வரிகளை அப்படியே ஒட்டினால் கண்டெய்னர் எழாது. சாதாரணப் பயனராக எல்எக்ஸ்சியை ஓட்டுபவர்கள் எந்தப் பிரிட்ஜில் எத்தனை வீத் இணைக்கலாம் என்ற அனுமதியை ஹோஸ்டின் ரூட்டிடம் முன்கூட்டியே தனிக் கோப்பில் எழுதி வாங்க வேண்டும். இன்கஸில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், பின்னணியில் ரூட்டாக ஓடும் சேவை நமக்காக எல்லாவற்றையும் செய்கிறது. அதன் விலை என்னவென்றால், 'இன்கஸ்-அட்மின்' குழுவில் சேர்க்கப்பட்ட எவரும் நடைமுறையில் ஹோஸ்டின் ரூட்தான். அந்தக் குழுவில் நான்கு பேரைப் போட்டுவிட்டு ஃபயர்வால் விதிகளை வரிவரியாகச் செதுக்குவதில் அர்த்தமில்லை.

பிரிட்ஜின் எல்லை ஹோஸ்ட் கணினியோடு முடிகிறது. கண்டெய்னர்கள் இரண்டு மூன்று ஹோஸ்ட்களில் பரவி, ஆனால் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்றால் இன்கஸ் ஓவிஎன் என்ற அமைப்பைப் பயன்படுத்துகிறது. கண்டெய்னர்களின் பாக்கெட்களை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து ஹோஸ்டிலிருந்து ஹோஸ்டுக்கு அனுப்பும் முறை அது. பொதிவுக்கு இடம் வேண்டுமென்பதால், வெளிக்கேபிளின் அதிகபட்ச பாக்கெட் அளவு 1500 பைட் என்றால் கண்டெய்னருக்குள் 1442 தான் இருக்கும். உள்ளே யாராவது அதை 1500 என்று கையால் மாற்றி வைத்தால் பிங் போகும், எஸ்எஸ்எச் கூட இணையும்; பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கியதும் உறைந்து நிற்கும். சிறியது போய்ப் பெரியது நின்றால் ஃபயர்வாலைத் தேடிப் போகாமல் முதலில் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.